ஒரு பிரியதத்த நேரத்து நிலா

மந்தைவெளி
12 ஜனவரி 1946

சேசு மரி சூசை துணை.

மகன் இஞ்ஞாசிக்கு அம்மா ஆனி எழுதுவது. சுகம் விசாரிப்பதைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் நம் மொட்டை மாடியில் இருந்தவர்கள் பேரை முதலில் எழுதிவிடுகிறேன். உன் பெண்சாதி ஜோன். நான். ராயப்பேட்டையில் மூக்குக்கண்ணாடி தேய்க்கிற பீர் முஹம்மது. ஜோனோடு படித்து, இப்போது பெண்கள் காலேஜில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிற நீரஜா. காய்ந்த துணி எடுக்க வந்துவிட்டுப் போகாமல் நின்ற பக்கத்து வீட்டுச் சொர்ணம். இவ்வளவு பேர்தான். பின்னால் யாராவது வந்து நானும் இருந்தேன் என்று சொல்லக்கூடாது. என் கல்யாணத்துக்கு வராத உன் பெரிய அத்தை, சுவாமியார் மந்திரிக்கும்போது தாலித் தட்டைப் பிடித்தது தான்தான் என்று சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மறக்கவில்லை.

விஷயம் இதுதான். ஜோன் நிலாவைப் படம் பிடித்துவிட்டாள். தீட்டின நிலா இல்லை. மேலே இருக்கிற நிலா.

போன லீவில் நீ வந்தபோது அவள் ஒரு தகரக் குழாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாக்கடைக் குழாய் எதற்கு என்று கேட்டுச் சிரித்தாய். அந்தக் குழாய்தான். மூர்மார்க்கெட்டில் ராணுவத்தார் கழித்துப்போட்ட சாமானில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி வில்லை அகப்பட்டது. ஓரம் சில்லுப் போயிருந்ததைப் பீர் முஹம்மது தேய்த்து, குழாயின் வாயில் உட்கார்த்திக் கொடுத்தார். உள்பக்கம் முழுக்கக் கரும்பலகைக்குப் பூசுகிற மை. நிறுத்தி வைக்க என் தையல் மிஷினின் இரும்புக் காலைக் கேட்டாள். கொடுத்தேன். உன் தங்கை மர்சலின் கோபாலபுரத்திலிருந்து வந்து, பேரப்பிள்ளைகளுக்குச் சட்டை தைக்க என்ன செய்வாய் என்று சண்டை போட்டாள். ஊரில் தையல்காரன் இருக்கிறான் என்றேன். குழாயின் பின்பக்கத்தில், ஜோனின் அப்பா ஆம்ப்ரோஸ் ஸ்டூடியோ நடத்திய காலத்துக் காமிராப் பெட்டி. படம் விழுகிற கண்ணாடிப் பிளேட்டுப் போடுவதும் கழுவுவதும் அவரிடம் கற்றுக்கொண்டவள்தானே.

இந்தப் பெட்டிக்குத் திறந்து மூடுகிற விசை கிடையாது. கறுப்பு அட்டை ஒன்றை வில்லைக்கு முன்னால் பிடித்துக்கொண்டு மூடியைக் கழற்ற வேண்டும். குழாய் ஆடி அடங்கியதும் அட்டையை விலக்கி, உடனே திரும்ப மறைக்க வேண்டும். விலக்கியிருக்கிற நேரம் கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது. கடிகாரத்தைப் பார்த்தால் கை தப்புகிறது. ஆகையால் மாதாவுக்குச் சொல்கிற பிரியதத்த மந்திரத்தின் முதல் வார்த்தையை, "பிரியதத்தத்தினாலே" என்பதை மட்டும், நான் சொல்ல வேண்டியது. தொடங்கும்போது அட்டையை எடுப்பாள், முடிக்கும்போது மறைப்பாள். அப்படி ஏற்பாடு.

முதல் பிளேட்டு பாழ். குளியலறையில் சிவப்புக் காகித விளக்கை வைத்துக் கழுவிப் பார்த்தால், நிலா உருகின மெழுகு மாதிரி வழிந்திருந்தது. நான் கோயிலில் சொல்கிற மாதிரி நிறுத்திப் பக்தியாகச் சொல்லிவிட்டேன். "அத்தை, நிலா நமக்காக நிக்காது, ஓடிக்கிட்டே இருக்கு. மணி அடிச்ச பிறகு பூசைக்குக் கிளம்புறவங்க மாதிரி சொல்லுங்க" என்றாள். சொன்னேன். என் ஆயுசில் செபத்தை அவசரமாகச் சொன்னது அன்றைக்குத்தான். இன்று பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சேர்த்துச் சொன்னேன். திரைக்கு அந்தப் பக்கம் சுவாமியார் சிரித்தது கேட்டது. அதையும் மனதில் வைத்திருக்கிறேன்.

ஆனால் படம் விழுந்துவிட்டது மகனே. பாதி நிலா. கறுப்பாக இருக்கிற இடங்களுக்குச் சமுத்திரம் என்று பேர் வைத்திருக்கிறார்களாம். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. எந்தக் காலத்திலோ பாறை உருகி, வெல்லப்பாகு தட்டில் பரவுகிற மாதிரி பரவி உறைந்துபோன தரை என்கிறாள் நீரஜா. வெளிச்சமும் இருட்டும் சேருகிற ஓரத்தில் வட்ட வட்டமாகக் குழிகள். அந்த ஓரத்தை மட்டும் பெரிதாக்கி அச்சுப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறாள். ஒரு சங்கதி கேள். நான் அதை முதலில் வாங்கிப் பார்த்தபோது குழியே தெரியவில்லை. பணியாரம் மாதிரி உப்பி உப்பி நின்றது. ஜோன் வாங்கித் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தாள். உப்பினதெல்லாம் என் கண்ணெதிரே பள்ளமாக இறங்கிவிட்டது. வெளிச்சம் இருக்கிற பக்கம் மேலே வரும்படி பிடித்தால்தான் நம் கண் அதைக் குழி என்று ஒத்துக்கொள்ளுமாம். மேல்பக்கம் எது என்று படத்தின் பின்னால் பென்சிலால் சிலுவை போட்டிருக்கிறாள். பார்த்துப் பிடி.

இவ்வளவும் நடக்கும்போது சொர்ணம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "புள்ளை பெத்துக்கிற வயசுல இது இன்னாடான்னா நிலாவைப் பார்த்துக்கினு கீது" என்றாள். ஜோன் காதில் விழுந்தது. கை ஆடவில்லை. புருஷனை நாகபுரியில் வைத்துக்கொண்டு இங்கே யார் பிள்ளை பெற முடியும்? சொர்ணத்தை நான் மன்னிக்கப் போவதில்லை.

உன் வயிறு எப்படி? கோதுமை ரொட்டி ஒத்துக்கொள்கிறதா? எனக்கு முழங்கால் மாடிப்படியில் மட்டும் வலிக்கிறது. ஜோனுக்குப் படம் கழுவுகிற ஹைப்போ மருந்து பட்டு விரல் வெடித்திருக்கிறது, தேங்காயெண்ணெய் போடுகிறேன். அவளுக்கென்று தனியாக ஒரு கடுதாசி எழுது.

உன்னைப் பெற்ற
ஆனி


நாகபுரி
24 ஜனவரி 1946

அன்புள்ள அம்மாவுக்கு இஞ்ஞாசி நமஸ்காரத்துடன் எழுதுவது.

இங்கே நான் சுகம். வயிறு தேவலை. உங்கள் முழங்காலுக்குச் சுடுமணல் ஒத்தடம் கொடுங்கள்.

படம் வந்து சேர்ந்தது. ஆபீஸில் என் மேஜைமேல் சாய்த்து வைத்தேன். பக்கத்து செக்‌ஷனிலிருந்தெல்லாம் வந்து பார்க்கிறார்கள். நேற்றுப் பெரிய துரையே நின்று, படத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, என் பேரைச் சொல்லி, தோளில் தட்டிவிட்டுப் போனார். நான் இங்கே வந்ததிலிருந்து அவர் என் பேரைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

எல்லோரும் கேள்வி கேட்கிறார்கள். அதனால் சில விவரம் வேண்டும். வில்லையின் அகலம் எவ்வளவு, குழாயின் நீளம் எவ்வளவு, என்ன பிளேட்டு, எத்தனை விநாடி வெளிச்சம் காட்டியது, எதில் கழுவியது. விவரமாக எழுதச் சொல்லுங்கள். இன்னும் பெரிய அளவில் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். பின்னால் எதுவும் எழுத வேண்டாம். பென்சில் அழுத்தி முன்பக்கம் தெரிகிறது.

ஜோன் சுகமாக இருப்பாள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு
இஞ்ஞாசி


மந்தைவெளி
3 பிப்ரவரி 1946

சேசு மரி சூசை துணை.

இஞ்ஞாசிக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நாங்கள் இருவரும் சுகம். ரேஷன் அரிசியில் கல்லைப் பொறுக்கி என் கண்தான் நொந்துபோகிறது.

துரை தோளில் தட்டினார் என்று படித்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் மருமகள் செய்த காரியத்துக்கு நாகபுரி துரை என் மகன் தோளில் தட்டுகிறார். மந்தைவெளி மார்க்கெட்டில் மீன் வாங்கும்போதுகூடச் சொன்னேன்.

நீ கேட்ட அளவெல்லாம் ஜோன் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறாள். எத்தனை விநாடி என்று கேட்டிருந்தாய். ஒரு "பிரியதத்தத்தினாலே". அவசரமாகச் சொன்னது. துரைக்கு இது புரியாவிட்டால் நீ சொல்லிக் காட்டு. சின்ன வயசில் உனக்கு அந்தச் செபம் நன்றாக வரும்.

பெரிய பிரதியும் போட்டுவிட்டாள். பின்னால் எழுத வேண்டாம் என்றாய். பேர் எழுதவில்லை. சிலுவை மட்டும் மூலையில் சின்னதாக இருக்கிறது. அது இல்லாவிட்டால் தலைகீழாகப் பிடிப்பார்கள் என்று சொல்லிவிட்டாள்.

ஒரு நல்ல செய்தி. ஏப்ரல் கடைசியில் மயிலாப்பூரில் ஒரு விஞ்ஞானக் கண்காட்சி நடக்கப் போகிறது. ஜோனின் படத்தையும் சேர்க்க வேண்டும் என்று நீரஜா அதன் தலைவருக்கு எழுதியிருக்கிறாள். எடுத்தவர் பேரைக் கீழே பெரிதாக அச்சடித்து ஒட்டுவார்களாம். ஜோன் வெளியில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைக்கு ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

வில்லையைப் பற்றி அத்தனை கேள்வி கேட்டிருந்தாய். பெண்சாதியைப் பற்றி ஒரு வரி. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனி


நாகபுரி
27 பிப்ரவரி 1946

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகம். தாமதத்துக்கு மன்னிக்கவும். இன்ஸ்பெக்‌ஷன், மூச்சு விட நேரமில்லை. பெரிய பிரதி பத்திரமாக வந்தது. இங்கே ஊழியர்களுக்குள் ஒரு சின்னக் கண்காட்சி நடந்தது. அதிலும் வைத்தார்கள். சொல்லும்படியாக ஒன்றும் இல்லை.

சித்தி மகன் ஸ்தனிஸ்லாஸ் தபால் ரயிலில் இந்தப் பக்கம் வந்திருந்தான். அவன் பழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒன்றைப் பத்தாக அளப்பவன். அவன் வந்து ஏதாவது சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இஞ்ஞாசி


மந்தைவெளி
8 மார்ச் 1946

சேசு மரி சூசை துணை.

இஞ்ஞாசிக்கு எழுதுவது. உன் சுகம் எப்படி என்று கேட்கிறேன். வழக்கத்தை விடக்கூடாது.

ஸ்தனிஸ்லாஸ் நேற்று வந்தான். சாம்பல் புதன் முடிந்த மறுநாள். ஒரு கூடை கமலா ஆரஞ்சு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பெரியம்மா, அண்ணன் நம்ம குடும்பத்துக்கே பேர் வாங்கிக் குடுத்துட்டாரு. நிலாவைப் படம் புடிச்சதுக்கு வெள்ளிக் கோப்பை. துரை கையால. பேப்பர்லகூடப் போட்டிருக்காங்க" என்றான். ஜோன் அவனுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

நான் பேச வாய் திறந்தேன். அவள் என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு, அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தம்பி, அந்தப் படத்துல இருந்தது கொப்புளமா, குழியா?"

"கொப்புளம்தான் அண்ணி. உப்பி உப்பி இருந்துச்சு. அண்ணன் கோலால தொட்டுக் காமிச்சு, நிலாவுல இருக்கிற மலைங்கன்னு எல்லாருக்கும் சொன்னாரு."

ஜோன் டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் போய்ப் பார்த்தேன். அழவில்லை. குழாயின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான்தான் படியில் உட்கார்ந்து அழுதேன்.

தலைகீழாக மாட்டியிருக்கிறாய். சட்டம் போட்டபோது சிலுவைக் குறி உள்ளே போய்விட்டது, இல்லையா? வெளிச்சம் மேலே வர வேண்டும் என்று என் முதல் கடுதாசியிலேயே எழுதியிருக்கிறேன். அம்மா கடுதாசியைக் கடைசி வரைக்கும் படிக்கிற பழக்கம் உனக்கு எப்போதும் இருந்ததில்லை.

ஸ்தனிஸ்லாஸிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. குடும்ப மானம். ஆனால் கூடை ஆரஞ்சையும் அவனையே எடுத்துப் போகச் சொல்லிவிட்டேன். அவனுக்குக் காரணம் புரியவில்லை. அந்த மாதிரி செய்தியை அவ்வளவு சந்தோஷமாகக் கொண்டுவந்தானே, அதற்கு அவனையும் மன்னிக்க மாட்டேன்.

உன்னிடம் கேட்பது ஒரே ஒரு வரி. "இந்தப் படத்தை எடுத்தவள் என் மனைவி ஜோன்." இதைத் துரைக்கு எழுதிக் கொடு. அதன் நகலை எனக்கு அனுப்பு. வேறு ஒன்றும் வேண்டாம்.

ஆனி


மந்தைவெளி
22 மார்ச் 1946

சேசு மரி சூசை துணை.

இஞ்ஞாசிக்கு,

பதில் வரவில்லை. தபால்காரர் வலியுல்லா, நம் தெருவில் நுழைந்ததும் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். கடுதாசி இல்லாதது அவர் குற்றம் மாதிரி.

இப்போது கதை வேறு மாதிரி ஆகிவிட்டது. மயிலாப்பூர் கண்காட்சித் தலைவர் சுவாமிநாதன் என்பவர், காலேஜில் பெரிய வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். இதே படம் நாகபுரியில் மிஸ்டர் இக்னேஷியஸ் என்பவர் பேரில், உன் இங்கிலீஷ்ப் பேரில்தான், பரிசு வாங்கிப் பத்திரிகையிலும் வந்துவிட்டது, இன்னொருவர் எடுத்ததைத் தன் பேரில் வைக்க இந்த அம்மாளுக்கு உரிமை இல்லை என்று எழுதியிருக்கிறார். என் மருமகள் உன் படத்தைத் திருடினவள். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர்மேலும் எனக்கு வருத்தம் உண்டு.

நீரஜா நேரில் போய்ச் சண்டை போட்டாள். "படம் எடுத்தது நாகபுரியிலே இல்லே, அவாத்து மொட்டை மாடியிலே. நான் நின்னு பார்த்துண்டிருந்தேன்" என்று சொல்லியிருக்கிறாள். அவர் ஒரு வழி சொன்னாராம். நாகபுரி ஆசாமி தன் கைப்பட ஒரு வரி எழுதிக் கொடுத்தால் படத்தைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று.

நான் கேட்ட அதே வரி. ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் வேண்டும்.

உன் கோபமோ வெட்கமோ எதுவாக இருந்தாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு கார்டு போதும்.

ஆனி


நாகபுரி
30 மார்ச் 1946

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகம். உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. கடைசி வரை படித்தேன்.

அம்மா, நான் பொய் சொல்லவில்லை. துரை அன்றைக்குப் படத்தைப் பார்த்து, நீ எடுத்ததா என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான். அதற்குள் பக்கத்தில் இருந்தவர்கள் கை தட்டிவிட்டார்கள். இங்கே எனக்குக் கை தட்டுகிறவர்கள் யாரும் கிடையாது. பிறகு அவர்களே கண்காட்சியில் சேர்த்தார்கள். பிறகு அவர்களே பரிசு கொடுத்தார்கள். எந்த இடத்தில் நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது சொன்னால் துரைக்கு அவமானம். எனக்கு இங்கே உட்கார இடம் இருக்காது. புருஷன் பேர் வேறு, மனைவி பேர் வேறா? ஒரே வீட்டுக்குள்தானே இருக்கிறது.

கோப்பையைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நியாயமாக அது ஜோனுக்குச் சேர வேண்டியது. அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

இஞ்ஞாசி


மந்தைவெளி
5 ஏப்ரல் 1946

அன்புள்ள அத்தானுக்கு ஜோன் எழுதுவது.

நாங்கள் சுகம். கோப்பை வந்தது. ஹைப்போ கலக்கத் தோதான அளவில் இருக்கிறது, அதற்கு எடுத்துக்கொண்டேன்.

படம் தலைகீழாக மாட்டப்பட்டிருந்ததாகக் கேள்விப்பட்டேன். குழாய் வழியாக ஒரு தடவை பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். போன லீவில் கூப்பிட்டேன். தூக்கம் வருகிறது என்றீர்கள். அடுத்த தடவை வரும்போது பாருங்கள்.

எனக்குக் கோபம் இல்லை. வேலை இருக்கிறது.

ஜோன்


மந்தைவெளி
9 ஏப்ரல் 1946

சேசு மரி சூசை துணை.

இஞ்ஞாசிக்கு,

கேட்ட வரி வராத இடத்தில் கோப்பை வந்தது. அதன்மேல் உன் பேர் வெட்டியிருக்கிறது.

நேற்று நடந்ததை எழுதுகிறேன். நீ அனுப்பாத வரிக்குப் பதிலாக ஜோன் என்ன செய்தாள் தெரியுமா? பாதி நிலா மறுபடி வருகிற நாளைச் சொல்லி, தாங்களே வந்து பாருங்கள் என்று சுவாமிநாதனுக்கு எழுதிவிட்டாள். அவரும் வந்தார். பஞ்சகச்சம், குடை, கையில் நாகபுரிப் பத்திரிகைத் துண்டு. நீரஜா அழைத்துக்கொண்டு வந்தாள். பீர் முஹம்மது தொழுகையை முடித்துவிட்டு வந்தார். சொர்ணம் கூப்பிடாமல் வந்தாள்.

கடல் பக்கமிருந்து மேகம். சுவாமிநாதன் பத்திரிகைத் துண்டை நீட்டி, இதைப் பற்றி என்ன சொல்கிறாய் அம்மா என்றார். ஜோன் அதை வாங்கித் தலைகீழாகத் திருப்பி அவர் கையிலேயே வைத்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மலையெல்லாம் குழியாக இறங்கியிருக்க வேண்டும். பிறகு அவர் குரல் மாறிவிட்டது. இருந்தாலும் எடுப்பதையும் பார்த்துவிட்டே போகிறேன் என்றார். அது அவர் நியாயம். நான் குற்றம் சொல்லவில்லை.

பொழுது சாய்ந்து வானம் இன்னும் நீலமாக இருக்கும்போதே மேகம் விலகியது. ஜோன் அட்டையைப் பிடித்தாள். சுவாமிநாதன் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். மாடித் தளம் அதிர்ந்தது. அப்போது படிக்கட்டை அடைத்துக்கொண்டு நின்ற சொர்ணம் சொன்னாள்:

"ஐயரே, ஆடாம நில்லு. நீ ஆடினா அங்க நிலா ஆடுது."

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பீர் முஹம்மது வாயைப் பொத்திக்கொண்டார். நான் சொர்ணத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜோனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க அத்தை" என்றாள் ஜோன்.

நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். நீ எழுதாத வரி ஞாபகம் வந்தது. அதைத் தள்ளிவிட்டுச் சொன்னேன். மணி அடித்துவிட்ட மாதிரி, பூசைக்கு ஓடுகிற மாதிரி. அட்டை போய் வந்தது. என் வார்த்தைக்கும் அவள் கைக்கும் நடுவில் ஒரு நூல்கூட நுழைந்திருக்காது.

குளியலறைக்கு வெளியே முக்காலி போட்டு அவரை உட்காரவைத்தோம். காப்பி வேண்டாம் என்றார், பிறகு குடித்தார். ஜோன் ஈரப் பிளேட்டோடு வந்தாள். அவர் அதை விளக்குக்கு நேராகப் பிடித்தார். யாரும் சொல்லிக்கொடுக்காமல், தானாகவே, வெளிச்சத்தின் பக்கம் மேலே வரும்படி திருப்பிக்கொண்டார். பார்த்தார். பிறகு எழுந்து நின்று கேட்டார், "பேரை எப்படிப் போடணும்?"

நம் வீட்டில் இதுவரை யாரும் என் மருமகளை அப்படிக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. நீயும் கேட்டதில்லை.

அவள் எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அச்சடித்த பிறகு உனக்கு எழுதுகிறேன்.

ஆனி


நாகபுரி
17 ஏப்ரல் 1946

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜோனின் கடிதத்தில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். அவளிடம் மன்னிப்புக் கேட்டுத் தனியாக எழுதியிருக்கிறேன். இன்று பதில் வந்தது. மன்னித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாள். விரலில் வெடிப்பு ஆறிவிட்டது என்றும் எழுதியிருக்கிறாள். அவள் விரல் வெடித்திருந்தது எனக்கு மறந்தே போயிருந்தது.

உயிர்த்த ஞாயிறுக்கு லீவு கிடைக்கவில்லை. மே முதல் வாரம் வருகிறேன். துரையிடம் சரியான சமயம் பார்த்துப் பேச வேண்டும் என்று இருக்கிறேன்.

நீங்கள் என்னை மன்னித்துவிட்டதாக ஒரு வரி எழுதுங்கள் அம்மா. ஒரு கார்டு போதும்.

இஞ்ஞாசி


மந்தைவெளி
29 ஏப்ரல் 1946

சேசு மரி சூசை துணை.

இஞ்ஞாசிக்கு அம்மா ஆனி எழுதுவது. நான் சுகம். முழங்கால் வலி நேற்று எங்கே போனது என்று தெரியவில்லை. கண்காட்சி மண்டபத்தில் காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தேன்.

படத்தை நுழைந்தவுடன் தெரிகிற சுவரில் மாட்டியிருந்தார்கள். நேராக. கீழே தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று, அட்டை. தமிழ் அட்டையை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். "நிலாவின் குழிகளும் உறைந்த பாறைச் சமவெளிகளும். படம் எடுத்தவர் ஜோன், மந்தைவெளி. வில்லை தேய்த்தவர் பீர் முஹம்மது. வெளிச்சம் காட்டிய நேரம்: ஆனியம்மாள் சொன்ன ஒரு பிரியதத்த வார்த்தை." இதைத்தான் அன்றைக்கு அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். எனக்குச் சொல்லவே இல்லை. வந்தவர்கள் பாதிப் பேர் கடைசி வரியைப் படித்துவிட்டு யார் அந்த அம்மாள் என்று கேட்டார்கள். நீரஜா என்னைக் காட்டினாள். தியாகராய நகரிலிருந்து வந்த ஒரு குடும்பம் முழுக்க, அந்த வார்த்தையைச் சொல்லிக் காட்டும்படி கேட்டது. சொன்னேன். அவசரமாக. பீர் முஹம்மது தன் வீட்டுக்காரி ஷாகிராவை அழைத்துவந்து, தன் பேர் இருக்கிற வரியில் விரலை வைத்துக் காட்டினார்.

ஜோன் ஓரமாக நின்றாள். பட்டுப்புடவை கட்டச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டாள். ஒருவர் வந்து, இந்தக் குழிகள் எரிமலையா, வானத்துக் கல் விழுந்ததா என்று கேட்டார். "பெரியவங்களே இன்னும் முடிவு பண்ணலை. எனக்கும் தெரியாது. அடுத்த பிளேட்டுல இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கணும்" என்றாள். பெருமையில் எனக்குத் தலை கோபுரத்தில் இடித்தது.

உயிர்த்த ஞாயிறு விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். பெரிய சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லோரையும் மன்னித்தாயா என்று சுவாமியார் கேட்டார். எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். சொர்ணத்தை மன்னித்தேன். அவள் படிக்கட்டில் நின்ற விதத்துக்காக. இப்போது எங்கள் மாடியில்தான் வடாம் காயப்போடுகிறாள், குழாய்ப் பக்கம் காக்கை வராமல் அவளே பார்த்துக்கொள்கிறாள். ஸ்தனிஸ்லாஸை மன்னித்தேன். மறுபடி ஒரு கூடை ஆரஞ்சு வாங்கி வந்தான், சாப்பிட்டோம். சுவாமிநாதனை மன்னித்தேன். திரைக்கு அந்தப் பக்கம் சிரித்ததற்காகச் சுவாமியாரையும் மன்னித்தேன், அதை அவரிடமே சொன்னேன். செத்துப்போன உன் பெரிய அத்தையைக்கூட, தாலித் தட்டோடு சேர்த்து மன்னித்துவிட்டேன். பாக்கி யாராவது உண்டா என்றார். ஒருத்தர் உண்டு என்றேன். அப்படியானால் பூசையில் நன்மை அப்பம் வாங்க வர வேண்டாம் என்றார். அவர் வேலையை அவர் செய்தார். உயிர்த்த ஞாயிறு பூசையில், என் நினைவு தெரிந்த நாளிலிருந்து முதல் தடவையாக, எல்லோரும் எழுந்து போகும்போது நான் பெஞ்சியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஊர் பார்த்தது. ஜோன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நீ போ என்றேன். போகவில்லை.

இஞ்ஞாசி, நான் உன்னிடம் ஒரு வரி கேட்டேன். இரண்டு தடவை கேட்டேன். நீ கோப்பை அனுப்பினாய். இப்போது நீ என்னிடம் ஒரு வரி கேட்கிறாய். துரையிடம் சரியான சமயம் பார்த்துப் பேசப் போகிறாய். அந்தச் சமயம் வரும்போது எனக்கும் சமயம் வரும்.

மே மாதம் வா. உனக்குப் பிடித்த வஞ்சிர மீன் குழம்பு வைக்கிறேன். கட்டிலைத் தட்டிப் போட்டு வைக்கிறேன். ஜோன் உன்னை மாடிக்கு அழைத்துப் போய்க் குழாயில் காட்டுவாள், தூக்கம் வருகிறது என்று சொல்லாமல் பார். உன் வயிற்றைப் பார்த்துக்கொள். நான் உன்னைப் பெற்றவள், அதில் மாற்றம் இல்லை.

கோப்பை குளியலறையில் இருக்கிறது. ஹைப்போ பட்டுப் பட்டு முழுக்கக் கறுத்துவிட்டது. புளி போட்டுத் தேய்க்கட்டுமா என்று சொர்ணம் கேட்டாள். வேண்டாம் என்றேன். வெட்டின எழுத்து மட்டும் இன்னும் படிக்கும்படி இருக்கிறது. ஜனவரி மாதத்தில் மாடியில் இருந்தவர்கள் பேரையெல்லாம் உனக்கு எழுதினேன். அதில் இல்லாத பேர் அது. என் மனம் ஆறாத பேரும் அதுதான்.

எம். இக்னேஷியஸ்.